உதடு ஒட்டிய இடம்

12-11-1977. பஸ், இரண்டு பேர், போக வர: ரூ. 1.60
12-11-1977. நுழைவுக் கட்டணம், இரண்டு பேர்: ரூ. 4.00
8-1-1978. முகம் பார்க்கும் கண்ணாடி, ஒன்று: ரூ. 3.25
18-2-1978. ஆட்டோ ரிக்ஷா, மூன்று பேர், போக வர: ரூ. 11.00
18-2-1978. நுழைவுக் கட்டணம், மூன்று பேர்: ரூ. 6.00
25-2-1978. பதிவுத் தபால், சென்னைக்கு: ரூ. 2.50
5-3-1978. குடை, கறுப்பு, ஒன்று: ரூ. 18.00

கூட்டினால் நாற்பத்தாறு ரூபாய் முப்பத்தைந்து பைசா. என் நண்பர் ஜோதிலிங்கம் தம் அறுபத்தாறாவது வயதில், தம் மனைவி நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன் சொன்ன ஒரு சொல்லின் மேல் பொறாமைப்பட்டதற்கு ஆன செலவு அது. பெரும்பாலும் நானும் கூடவே போனதால் கணக்கு என்னிடம் இருக்கிறது. மனிதரைப் பற்றித்தான் இனிமேல் எழுத வேண்டும்.

ஜோதிலிங்கம் 1911இல் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பள்ளி இறுதி முடித்து, 1933இல் டில்லிக்கு வந்து அரசாங்க அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவராகச் சேர்ந்தார். அந்த வேலையை இருவர் இருவராகச் செய்வார்கள். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டுவார். பக்கத்துக் கூடத்தில் இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் படிப்பவர் குரல் பாதி கேட்காது. அதனால் ஒரு கண் தாளிலும் ஒரு கண் படிப்பவர் வாயிலுமாக இருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் ஜோதிலிங்கம் அப்படித்தான் இருந்தார். முதலில் ஆங்கிலம், சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ் வெளியீடுகளும். யார் பேசினாலும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிழை திருத்துவதில் ஒரு குறி உண்டு. ஒரு சொல்லை அடித்துத் திருத்திய பிறகு, முதலில் இருந்ததே சரி என்று தெரிந்தால், அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். தம் உத்தியோக காலம் முழுவதும் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை என்பது ஜோதிலிங்கத்தின் பெருமை. "அடிச்சா அடிச்சதுதான் சார்வாள். நமக்குத் தப்பு தப்பாத்தான் தெரியும்" என்பார்.

1936இல் விடுமுறைக்கு ஊர் போனபோது மதுரையில் ஒரு நாடகம் பார்த்தார். அதில் இரண்டாவது பெண் வேஷம் கட்டியவர் லீலாவதி. ஆர்மோனியம் வாசித்தவர் லீலாவதியின் தகப்பனார். மூன்று நாள் தொடர்ந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, நாலாம் நாள் நேராக ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டார். கூடத்தில் இருந்த லீலாவதி தாமே முன்னால் வந்து சொன்னாராம்: "எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுறேன். நாலு வருஷம் முன்னாடி மெட்ராஸ்ல ஒரு ஊமைப் படத்துல கதாநாயகியா நடிச்சிருக்கேன்."

ஜோதிலிங்கம் யோசிக்கவே இல்லை. "ஊமைப் படம்தானே? பேசலைல்லா? பெறவு என்ன?" என்று சொல்லிவிட்டார்.

அவர் வீட்டார் கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு இருவரும் டில்லிக்கு ரயில் ஏறினார்கள். ஒரே மகன் பிறந்தான், படித்தான், மத்திய அரசில் அதிகாரியானான். ஓய்வு பெற்ற பிறகு ஜோதிலிங்கமும் லீலாவதியும் மகனுக்கு ஒதுக்கிய லோதி ரோடு குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தார்கள். கீழ் வீட்டில் என் மகள் குடும்பத்தோடு நான். கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலையில் இருவரும் சேர்ந்து நடப்போம்.

பொறாமை அவருக்குப் புதிது இல்லை. கரோல் பாக்கில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் லீலாவதியின் ரசத்தைப் புகழ்ந்தார். ஜோதிலிங்கம் அந்த மனிதர் வீடு மாறிப் போகும்வரை வீட்டில் ரசம் வைக்க விடவில்லை, ஏழு மாதம் வெறும் மோரும் பருப்பும்தான். ஆனால் அதெல்லாம் சில்லறை. உள்ளே இருந்த ஒரே ஒரு உண்மையான குறையை அவர் என்னிடம் 1975இல் சொன்னார். அவர் ஊர்ப் பக்கம் பெண்கள் புருஷனை மாமா என்று கூப்பிடுவார்கள். அவருடைய அக்காமார் மூவரும் அப்படித்தான். லீலாவதி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பதுதான் அவருக்குப் பெயர். கல்யாணமான வருஷமே கேட்டுப் பார்த்திருக்கிறார். லீலாவதி சிரித்திருக்கிறார். "மாமா அத்தான்லாம் மேடையில சொல்றது. தினம் ஒரு ராஜபார்ட்டைப் பார்த்து மாமா மாமான்னு சொல்லிச் சொல்லி எனக்கு அது வேஷமாப் போச்சு. வீட்டுக்குள்ள சொன்னா முகத்துல அரிதாரம் பூசின மாதிரி இருக்கும்" என்றாராம். அந்தப் பதிலை ஜோதிலிங்கம் ஏற்றுக்கொண்டார். வீட்டில் அவரை மாமா என்று கூப்பிட்டது மருமகள் ஜெயலட்சுமி ஒருத்திதான்.

1977 நவம்பரில் திரைப்படச் சங்கம் ஒன்றின் அறிவிப்பு வந்தது. சென்னையில் 1932இல் எடுத்த 'குடை மாறாட்டம்' என்ற மௌனப் படத்தின் மூன்று சுருள்கள் எங்கோ ஒரு பழைய கொட்டகையில் கிடைத்திருக்கின்றன, அவற்றைச் சாணக்யபுரியில் விருந்தினர் மாளிகைக் கூடத்தில் காட்டப்போகிறார்கள் என்று. ஜோதிலிங்கம் துள்ளிக் குதித்தார். "நம்ம வீட்டம்மா படம் சார்வாள்!" லீலாவதி வர மறுத்துவிட்டார். "பதினைஞ்சு வயசு மூஞ்சியை இப்பப் பாத்து என்ன செய்ய? நீங்க போயிட்டு வாங்க. வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்றார்.

போனோம். சிறிய கூடம், முப்பது நாற்காலி. படத்துக்கு வாத்தியம் இல்லை. புரொஜெக்டர் ஓடும் ஓசை மட்டும். அந்தக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றி எடுத்தார்கள். இன்றைய இயந்திரத்தில் ஓட்டினால் எல்லோரும் சிட்டுக்குருவி போல் தத்தித் தத்தி நடக்கிறார்கள். கதை சின்னது. சென்னை டிராமில் ஒரு கல்லூரி மாணவனும் ஒரு பெண்ணும் குடையை மாற்றி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பெண் கொண்டுவந்தது அவளுடைய தகப்பனார் குடை. தரகரிடம் கொடுப்பதற்காக அவர் அதற்குள் மகளுடைய ஜாதகத்தைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறார். மாணவன் மழைக்குக் குடையை விரிக்க, ஜாதகம் அவன் தலையில் விழுகிறது. பிரித்துப் பார்த்தால் அவனுடையதோடு அச்சாகப் பொருந்துகிறது! பிறகு அவன் டிராம் டிராமாக ஏறி, குடை வைத்திருக்கும் பெண்களை எல்லாம் "நீங்கள் என்ன நட்சத்திரம்?" என்று கேட்டு அடி வாங்குகிறான். கூடமே சிரித்தது. ஜோதிலிங்கம்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், முன் நாற்காலிக்காரர் முதுகைத் தட்டி, "அந்தப் புள்ள யாருன்னு நெனைக்கிய?" என்று கேட்டார்.

கடைசிக் காட்சி. மழையில் இருவரும் ஒரே குடையின் கீழ் நிற்கிறார்கள். மாணவன் ஏதோ நீளமாகப் பேசுகிறான். பெண்ணின் முகம் திரை நிறைய வருகிறது. கண்ணில் நீர் ததும்புகிறது. உதடுகள் அசைகின்றன. உடனே முந்தானையால் மூக்குவரை மறைத்துக்கொண்டு அவன் தோளில் முகத்தைத் திருப்புகிறாள். அடுத்து எழுத்து அட்டை: 'உங்கள் குடை இனி என்னுடையதே.' முற்றும்.

விளக்கு போட்டார்கள். கை தட்டினார்கள். ஜோதிலிங்கம் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "ஜல்தி, ஜல்தி, ஆகே படோ" என்று முன்னால் நகரச் சொல்லித் தள்ளியதுகூட அவருக்கு உறைக்கவில்லை. இந்தியா கேட் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார்வாள், 'உங்கள் குடை இனி என்னுடையதே.' இதுல ப உண்டா?"

"இல்லை."

"ம உண்டா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை."

"அப்பம் உதடு ஒட்டாமச் சொல்லுத வாக்கியம். இதழகல். அவளுக்கு ரெண்டு தரம் ஒட்டுச்சு. நான் பாத்தேன். ரெண்டே எழுத்து. ரெண்டு தரம் ஒட்டுச்சு."

"அதனால் என்ன?"

"மாமான்னுருக்கா."

எங்கள் வீட்டில் மாமா என்றால் வயதில் மூத்தவர் எவரும் மாமாதான், காய்கறிக்காரர் உள்பட, என்று எடுத்துச் சொன்னேன். "ஒங்க வீட்டு மாமா வேற, எங்க வீட்டு மாமா வேற. ஒண்ணும் தெரியாத மாதிரிப் பேசாதிய" என்று கடுகடுத்தார். கொத்தமல்லி வாங்கவில்லை.

மாணவனாக நடித்தவர் பெயர் வைத்தி. எழுத்து அட்டையில் இருந்தது. அடுத்த வாரம் ஜோதிலிங்கம் எதேச்சையாகக் கேட்பதுபோல் மனைவியிடம் கேட்டிருக்கிறார்: "அந்த வைத்தி எப்படி ஆளு?"

"உசரமா இருப்பாரு" என்றார் லீலாவதி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. "நல்ல மனுஷர். பெண்டுகளை மரியாதையா நடத்துவாரு."

ஜோதிலிங்கம் ஐந்தடி மூன்றங்குலம். அன்று சாப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் இருந்த இருப்பை என்ன சொல்ல. வீட்டில் இருந்த ஒரே குடையை இஸ்திரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். உயரமான யாராவது லீலாவதியிடம் வழி கேட்டால்கூட நடுவில் போய் நின்றுகொள்வார். பால் பூத் வரிசையில் ஒரு சர்தார்ஜி லீலாவதியைப் "பெஹன்ஜி, முதலில் நீங்கள்" என்று முன்னால் விட்டதற்கு, மறுநாளிலிருந்து பாலுக்கு அவரே போனார். ஜனவரியில் ஒரு கைக்கண்ணாடி வாங்கினார். பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து, அதைப் பார்த்து ஓசையில்லாமல் வாயை அசைப்பார். "மாமா. பாப்பா. பாமா. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா கண்ணுல தண்ணி எதுக்கு நிக்கணும்? நீங்களே சொல்லுங்க. மேடையில ஊர் கேக்கச் சொல்லணும், அது வேஷம். படத்துல யாருக்குக் கேக்கப்போவுது? யாருமே கேக்காத இடத்துல ஒருத்தனைப் பாத்து மாமான்னா, அது வேஷமா?"

தணிக்கையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. லீலாவதியையே கேட்டுவிடும்படி பலமுறை சொன்னேன். "கேட்டா ஆமாம்னுட்டா?" என்றார். அவருடைய பயம் முழுக்க அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அதே படத்தைப் புசா ரோடு பள்ளிக்கூட ஹாலில் மறுபடி காட்டுவதாகத் தெரிந்ததும், ஜோதிலிங்கம் பெரியண்ணனைப் பிடித்தார். பெரியண்ணன் நாமக்கல் பக்கத்துக்காரர், ராணுவத்தில் பீரங்கிப் படை ஹவில்தார். பர்மா போரில் பக்கத்திலேயே பீரங்கி வெடித்து இரண்டு காதும் போய்விட்டது. லோதி ரோட்டில் ஒரு ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார். பதிலை மட்டும் பரேடு மைதானத்தில் நிற்பதுபோல் கத்திச் சொல்வார்.

மூவரும் ஆட்டோவில் போனோம். கடைசிக் காட்சி வரும்போது ஜோதிலிங்கம் ஓடிப்போய் ஆபரேட்டர் கையைப் பிடித்தார். "பையா, தீரே, தீரே சலாவ்!" படம் எரிந்துபோகும் என்று ஆபரேட்டர் பதறிவிட்டான். "ஃபிலிம் ஜல் ஜாயேகா, சாப்!" இருந்தாலும் சற்று மெதுவாகத்தான் ஓட்டினான்.

வாசலுக்கு வந்ததும் ஜோதிலிங்கம் பெரியண்ணன் முன்னால் நின்று, "என்ன சொன்னா?" என்று வாயசைத்தார்.

"அந்தப் பையன் காதல் பேசலீங்க!" என்று பெரியண்ணன் முழங்கினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னமோ எண்ணுறானுங்க. நூத்திப் பன்னெண்டு, நூத்தி இருபத்தெட்டு, அப்பறம் நூத்தி நாப்பத்தி நாலு!"

"அவன் கெடக்கான். அவ?"

"அம்மிணி சொன்னதுங்களா? மாமாவா இருக்கும். பாப்பாவா இருக்கும். பாமாவாகூட இருக்கலாமுங்க. எனக்கு ப, ம எல்லாம் ஒரே எழுத்துங்க. வேணுங்கறதை நீங்களே எடுத்துக்கோங்க!"

ஜோதிலிங்கம் வேண்டாததை எடுத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல். "நூத்தி இருபத்தெட்டு எதை எண்ணுதான்? நாளா? கடுதாசியா? அவ எழுதின கடுதாசியா?" அந்த வாரமே சங்கத்துக் காரியதரிசியிடம் வைத்தியின் திருவல்லிக்கேணி விலாசத்தை வாங்கி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார். ஒரே வரி: கடைசிக் காட்சியில் லீலாவதி தங்களைப் பார்த்துச் சொன்ன சொல் எது என்று தெரிவிக்க வேண்டியது.

மார்ச் நாலாம் தேதி ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. தபால்காரரிடம் வாங்கியவள் மருமகள் ஜெயலட்சுமி. அவள் டில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கூடத்தில் நானும் இருந்தேன்.

"மாமா, மெட்ராஸ்லேர்ந்து கார்டு. வை... வைத்தின்னு சைன் பண்ணிருக்கு. யாரு மாமா அது? உங்க ஃப்ரெண்டா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. லீலாவதி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அவருக்கு எதுக்கு எழுதினீக?"

ஜோதிலிங்கம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்: உதடு ஒட்டியது, கண்ணாடி, பெரியண்ணன், நூற்றிருபத்தெட்டு. லீலாவதி முதலில் சிரித்தார். நூற்றிருபத்தெட்டு என்றதும் சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நாலு மாசமா இதுக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீகளா? என்னைக் கேக்குறதுக்கு என்ன? நான் ஊமையா?"

"சரி, கேக்கேன். என்ன சொன்னே?"

"அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்குங்க" என்று என்னிடம் திரும்பினார். "சித்திரை மாச வெயில். படம் எடுக்கிற கொட்டகைக்குக் கூரை கிடையாது, மேல ஒரு வெள்ளை வேட்டி கட்டியிருக்கும். வெயில்லதான் படம் விழும். ஈயத்தாள் ஒட்டின பலகையை நாலு பேரு பிடிச்சுக்கிட்டு வெயிலைத் திருப்பி என் மூஞ்சியில அடிப்பாக. கண்ணுல தண்ணி வராம என்ன செய்யும்? காமிராக்காரரு கைப்பிடியைச் சுத்துவாரு. வேகம் தப்பக் கூடாதுன்னு வாய்க்குள்ள ஒரு காவடிச் சிந்தை முனகிக்கிட்டே சுத்துவாரு. டைரக்டரு தகரக் குழாயை வச்சுக்கிட்டு, 'இப்ப ஆசையாப் பாரு! இப்ப வெக்கப்படு! பத்தாது, இன்னும் வெக்கப்படு!'ன்னு கத்துவாரு. சத்தம்தான் பதிவாகாதே. நாங்க என்ன பேசினா என்ன, வாய் அசைஞ்சாப் போதும். வைத்திக்கு வசனமே வராது. காதல் பண்ற இடத்துலயெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவாரு."

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு. எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு. சரியாக இருந்தது.

"கடைசி நாளு மழைக் காட்சி. மேல ஏணியில ஏறி நின்னு பூவாளியால தண்ணி ஊத்தணும். கிணறு வத்திப் போச்சு. மானேஜர் பாத்தாரு, படச்சுருளை அலசின மருந்துத் தண்ணி ஒரு மரத் தொட்டி நிறைய நின்னுச்சு. அதை மொண்டு ஊத்தச் சொல்லிட்டாரு. கந்தகத்தையும் காடியையும் கலந்த மாதிரி ஒரு வீச்சம். குடையில ஓட்டை வேற. நேரா என் தலையில இறங்குச்சு. 'அப்பப்பா!'ன்னேன். அதுக்கு மேல பேச முடியல, முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டேன். வைத்தி மேல மட்டும் சந்தனம் மணத்துச்சு, அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பினேன். டைரக்டரு குதிக்கிறாரு. 'அதான் வெக்கம்! அதான் வெக்கம்! அப்படியே நில்லு!' ஊரெல்லாம் அந்த வெக்கத்தைப் பாத்துக் கை தட்டுச்சு. எனக்கு ரெண்டு நாளு தலைவலி."

ஜோதிலிங்கம் லீலாவதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பப்பாவும் ரெண்டு தரம்தான் ஒட்டும்" என்றார் மெதுவாக. "ஆனா மாமாவும் ரெண்டு தரம்தான் ஒட்டும்."

"இன்னும் நம்பலையா?"

"நம்புதேன். ஆனா மூலத்தோட ஒத்துப் பாக்க வழியில்லையே."

லீலாவதி சோபாவிலிருந்து எழுந்தார். "நாளைக்கு அந்தப் பெரியண்ணனைக் கூட்டிட்டு வாங்க. ஒரு குடையும் வாங்கிட்டு வாங்க. இருந்ததைத்தான் தானம் பண்ணிட்டீகளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. குடை வாங்கப் போனபோது ஜோதிலிங்கம் ஒவ்வொரு குடையாக விரித்துப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று கடைக்காரர் நினைத்தார். எவ்வளவு உயரத்தில் பிடித்தால் இருவர் நிற்கலாம் என்றுதான் அவர் பார்த்தார்.

பால்கனியில் பெரியண்ணனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். ஜெயலட்சுமி கதவோரம் நின்றாள். லீலாவதி குடையை விரித்து, ஜோதிலிங்கத்தைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். மழையும் இல்லை, வெயிலும் அதிகமில்லை. அறுபது வயது முகம். ஆனால் குடைக்கம்பைப் பிடித்த விதத்தில் அந்த டிராம் பெண் தெரிந்தாள்.

"சத்தமில்லாம ரெண்டு வார்த்தை சொல்லுவேன். அவர் படிக்கட்டும்" என்றார்.

முதல் வார்த்தை. உதடு இரண்டு தரம் ஒட்டியது.

"அப்பப்பா!" என்று பெரியண்ணன் கத்தினார். கீழே என் மகள் வீட்டு ஜன்னல் திறந்தது.

இரண்டாவது வார்த்தை. உதடு இரண்டு தரம் ஒட்டியது. பெரியண்ணன் கத்தவில்லை. ஹவில்தார் தலையைக் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டேன்.

"மாமாங்க."

ஜோதிலிங்கம் அவர் முன்னால் போய் நின்றார். "எப்படிக் கண்டுபிடிச்சிய? ஒங்களுக்கு ப, ம எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியளே?"

"உதட்டுல ஒண்ணுதானுங்க. மொதல்ல சொன்னப்ப அம்மிணி மூக்கைச் சுளிச்சாங்க. ரெண்டாவது வார்த்தையை உங்களைப் பாத்துச் சொன்னாங்க."

"படத்துல? படத்துல மூக்கைச் சுளிச்சாளா?"

"படத்துல அதை முந்தானை மறைச்சுப்போட்டுதுங்களே."

ஜோதிலிங்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். இம்முறை வாயைப் பார்க்கவில்லை. "சத்தமா ஒரு தரம் சொல்லேன்" என்றார்.

"அதெல்லாம் ஊமைப் படத்தோட சரி" என்று லீலாவதி குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தார். "இங்க பாருங்க, பெரியண்ணனுக்குக் காபி குடுக்கணும், பால் வாங்கிட்டு வாங்க."

அன்று முதல் அவர் முகம் தெளிந்துவிட்டது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது தவறான பதிவாகும். இடம் மாறிக்கொண்டது. "அந்த வார்த்தை எனக்குச் சொன்னது. ஆனா நான் பக்கவாட்டுல நின்னேன், குடை வேற மறைச்சுது. நேருக்கு நேரா உக்காந்து படிச்சது அந்தப் பெரியண்ணன்தான சார்வாள்?" என்று நடக்கும்போது நடுவழியில் நின்றுவிடுவார். அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு வழியாகப் போகாமல், சுற்று வழியில் என்னை இழுத்துக்கொண்டு போனார். 1984இல் காலமாகும்வரை அந்தச் சுற்று வழிதான். மழைக்காலத்தில் இருவரும் ஒரே குடையில் பால் பூத்துக்குப் போவதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். குட்டையானவர் என்பதால் கையை நன்றாக உயர்த்திப் பிடித்திருப்பார்.

வைத்தியின் பதில் வந்தபோது நாங்கள் இருவரும் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம். கனமான உறை, உள்ளே நாலைந்து தாளாவது இருக்கும். ஜோதிலிங்கம் அதைக் கையில் எடை பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கை ஓரத்தைக் கிழிக்கப் போய், நின்றது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அனுப்புநர் பெயரின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்தார். ஓரத்தில் ஒரு சொல் எழுதினார். பிரிக்காமலே என்னிடம் நீட்டினார்.

"ஒங்க ஃபைல்ல போட்டு வைங்க சார்வாள்."

இருக்கட்டும் என்ற அந்த எழுத்தின் சிவப்பு இப்போது சற்றுப் பழுப்பாகிவிட்டது. உறை ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. கடிதம் வந்த தேதி 21-3-1978.